ஏர்பேக் விளக்கும் ஒரு கன்றுக்குட்டியும்

பழி வாங்குகிற குணம் எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. பள்ளிக்கூடத்தில் என் பேனா முள்ளை வேண்டுமென்றே வளைத்தவளுக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வைத்து அழைத்தும் நான் போகவில்லை. மாதா கோயிலில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வரும்போதெல்லாம் நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆகவே என் மூத்தாருக்கு, அதாவது என் கணவரின் அண்ணனுக்கு, நான் செய்ததைப் படித்துவிட்டு யாரும் என்னைத் திருத்தப் பார்க்க வேண்டாம்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், புது ஆற்றங்கரையில் இருக்கிறது. அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒரே காம்பவுண்டுக்குள். நிலம் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் விவசாயம் பார்க்கிறார்கள். சேர்ந்து என்றால், அண்ணன் பேசுவார், தம்பி தலையாட்டுவார். நான் பாபநாசத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். பஸ்ஸில் போனால் தஞ்சாவூரில் மாறி, பாபநாசத்தில் மாறி, அப்புறமும் நடக்க வேண்டும். பத்து வருஷம் அப்படிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கார் வாங்கினேன். என் சம்பளத்தில், என் பெயரில். கணவருக்கு ஓட்டத் தெரியாது. நான்கு நாள் கற்றுக்கொண்டார், ஐந்தாம் நாள் வைக்கோல் போருக்குள் கொண்டுபோய் விட்டார், அதோடு சரி.

பாகம் பிரியாத வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காம்பவுண்டுக்குள் வந்துவிட்ட எதுவும் பொதுதான். பம்பு செட்டும் பொது, தென்னை மரமும் பொது, கடைசியில் என் காரும் பொதுவாகிவிட்டது. அறுப்புக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலங்களும் வண்டி மூத்தாருடையது. அதில் எனக்கு வருத்தமில்லை என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்.

மூத்தாரிடம் ஒரு மெஷின் இருந்தது. நெல்லின் ஈரப்பதம் பார்க்கிற மெஷின். கொள்முதல் நிலையத்தில் பதினேழுக்கு மேல் ஈரம் காட்டினால் நெல்லைத் தொட மாட்டார்கள். மறுபடி கொட்டிக் காய வைக்க வேண்டும். அங்கே இருக்கிற மெஷின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டார். டிபன் கேரியர் உயரத்தில் ஒரு பெட்டி, மேலே நெல் போடுகிற வாய், முன்னால் எண் காட்டுகிற சின்னத் திரை. அது வந்த பிறகு ஊரில் அவருக்கு மரியாதை கூடியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கார் பானெட்டின் மேல் மெஷினை வைப்பார். கைக்குட்டையிலும் முந்தானையிலும் ஆளுக்கு ஒரு பிடி நெல் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். எண்ணைப் பார்த்துவிட்டு, நாளை போடு, இன்னும் இரண்டு வெயில் காட்டு என்று தீர்ப்புச் சொல்வார். சாமியார் பிரசங்கத்தைவிட அதைத்தான் ஜனங்கள் கவனமாகக் கேட்டார்கள்.

அந்த மெஷினுக்குக் காரில் இடம் முன் சீட்டு. பின் சீட்டில் சாம்பிள் நெல் மூட்டைகள் கிடக்கும், ஈர நெல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் மெஷின் ஈரத்தைக் குடித்துவிட்டுத் தப்பாகக் காட்டும் என்பது அவருடைய கணக்கு. ஆகவே ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல் மெஷினை உட்கார வைப்பார். பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தியதால், பெல்ட்டையும் இழுத்து மாட்டிவிட்டார். அணைத்து அணைத்துப் போட்டால் ரீடிங் மாறும் என்று எப்போதும் ஆனிலேயே வைத்திருப்பார். மனிதர்கள் எல்லோரும் பின்னால், மூட்டைகளோடு.

மாசி மாதம், தாளடி அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சாம்பல் புதன் முடிந்து தவக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்தார் தஞ்சாவூருக்குப் போய்விட்டு, பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்து வண்டியை நிறுத்தினார். மெஷினுக்குப் புதிதாக ஒரு சார்ஜர் ஒயர் வாங்கி வந்திருந்தார். வண்டி ஓடும்போதே சார்ஜ் ஏறட்டும் என்று, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் உள்ள துளையில் குத்தி, ஒயரை மெஷினில் மாட்டியிருந்தார். திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போதும் மெஷின் பெல்ட் போட்டுக்கொண்டு முன் சீட்டில்தான் இருந்தது. நான் தொடவில்லை. தொட்டால் அதற்கும் ஒரு பஞ்சாயத்து வரும்.

ஊரைத் தாண்டுவதற்குள் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவன் நெஞ்சுக்கு முன்னால் ஒரு பந்து. ஏர்பேக் விளக்கு என்று எனக்குத் தெரியும், ஏன் எரிகிறது என்று தெரியாது. சாயங்காலம் வந்ததும் வீட்டில் சொன்னேன். ஆமாம், நானேதான் சொன்னேன். அந்த விளக்கைப் பற்றி முதலில் வாயைத் திறந்தவள் நான்.

அன்றைக்குக் காலையில் ஊரில் வேறொன்று நடந்திருந்தது. புது ஆற்றங்கரைச் சாலையில், வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு குத்தகைக்காரரின் கிடேரிக் கன்றை ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டுப் போயிருந்தது. விடிந்து பார்த்தபோது வாய்க்கால் சரிவில் கிடந்ததாம். பின்னங்கால் முறிந்திருந்தது. லோடு ஆட்டோவில் ஒரத்தநாட்டுக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டு வந்திருந்தார்கள். பெரிய நிலக்காரருக்கு அது ஒரு கன்று. அந்த மனிதருக்கு அது இரண்டு வருஷம் கழித்து வரப்போகிற பால்.

நான் விளக்கைப் பற்றிச் சொன்னதும் மூத்தார் எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். முன் பம்பரின் இடது மூலையில் ஒரு கீறல் இருந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கொள்முதல் நிலையத்தில் டிராக்டர்களுக்கு நடுவே நிறுத்துகிற வண்டி, கீறல் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவர் கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, காம்பவுண்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"கன்னுக்குட்டிய அடிச்சது நீதானா?"

நான் இல்லை என்றேன். அப்படியானால் விளக்கு ஏன் எரிகிறது என்றார். ஏர்பேக் விளக்கு என்றாலே இடித்தால் எரிகிற விளக்கு, வண்டிக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது, மனுஷன் பொய் சொல்லுவான் அது சொல்லாது என்றார். இருட்டோடு கிளம்பிப் போகிறவள், தூக்கக் கலக்கத்தில் தட்டிவிட்டு, பயத்தில் நிற்காமல் போயிருப்பாள் என்று எனக்காக ஒரு கதையையும் அவரே சொல்லி முடித்தார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போனார்.

மறுநாள் சாயங்காலம் மூத்தார் எங்கள் இருவரையும் அந்தக் குத்தகைக்காரர் வீட்டுக்கு அழைத்துப் போனார். தப்பு நம் வீட்டில் நடந்துவிட்டது, நாமே போய் ஒத்துக்கொள்வதுதான் கௌரவம் என்றார். தெருவே கூடிவிட்டது. கன்று கொட்டகையில் படுத்திருந்தது, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு. மன்னிப்புக் கேள் என்றார் மூத்தார். செய்யாததற்கு நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று நிமிர்ந்து நின்றேன். அப்போது என் கணவர் முன்னால் போனார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"எங்க வீட்டுல தெரியாம பண்ணிட்டாங்க. மன்னிச்சுக்குங்க."

அவ்வளவுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், என் தலையில் இரண்டும் சேர்ந்து விழுந்தது. மூத்தார் ஆயிரம் சொல்லியிருக்கலாம், ஊர் பாதி நம்பும் பாதி நம்பாது. கட்டின புருஷனே கும்பிட்ட பிறகு நம்பாதவர் யார்? அன்றிலிருந்து என் வண்டிச் சத்தம் கேட்டால் மாட்டைப் பிடித்துக் கட்டினார்கள். ஒரு பெண் தன் பிள்ளையைச் சாலை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டதை நான் கண்ணாடியில் பார்த்தேன். சுகாதார நிலையத்தில் மருந்து வாங்க வந்த ஒருவர், எங்கள் ஊரில் பெண் கொடுத்தவர், மாத்திரையை வாங்கிக்கொண்டே கன்றுக்குட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இருபது வருஷமாக ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை நான்.

கணவரிடம் இரண்டு தடவை கேட்டேன், நீங்கள் என்னை நம்பவில்லையா என்று. அண்ணன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கும் இல்லையா என்றார். மூன்றாம் தடவை நான் கேட்கவில்லை.

கார் சாவி மூத்தார் வீட்டு ஆணிக்குப் போனது. காலையில் போய்க் கேட்டு வாங்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். சாயங்காலம் வந்து நிறுத்தியதும் இன்னொரு சுற்று. குனிந்து சக்கரத்துக்கு நடுவில்கூடப் பார்ப்பார், ஆடு கோழி ஏதும் சிக்கியிருக்கிறதா என்பது போல. அந்த நேரம் நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என் வண்டிக்குப் பக்கத்தில், என் சம்பளத்தில் வாங்கின வண்டிக்குப் பக்கத்தில். அப்படி நின்ற ஒவ்வொரு நிமிஷத்தையும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

விளக்கு அணையவே இல்லை. கடைசியில் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்க் காட்டு, அவர்கள் வாயாலேயே வரட்டும் என்று மூத்தாரே சொன்னார். ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தஞ்சாவூருக்குப் போனேன். அங்கே இருந்த மெக்கானிக் கதவைத் திறந்து முன் சீட்டைப் பார்த்தார்.

"யாரு மேடம் இவரு, பெல்ட்டெல்லாம் போட்டு உக்காந்திருக்காரு?"

நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஏதோ ஒரு பெட்டியை வண்டியில் இணைத்துப் பார்த்தார். பிறகு மெஷினின் ஒயரைப் பிடுங்கி, மெஷினைத் தூக்கி வெளியே வைத்து, வண்டியை அணைத்து மறுபடி போட்டார். விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. திரும்ப வைத்து ஒயரை மாட்டினார், கொஞ்ச நேரத்தில் எரிந்தது. எடுத்தார், அணைந்தது. சீட்டுக்கு உள்ளே ஆள் இருக்கிறானா என்று பார்க்கிற ஒரு சென்சார் இருக்கிறதாம். மனித உடம்பில் இருக்கிற தண்ணீரை வைத்துத்தான் அது ஆளைக் கண்டுபிடிக்கிறதாம். அதே போல ஈரத்தைத் தேடுகிற இன்னொரு மெஷினைக் கரண்டோடு அதன் தலையிலேயே ஏற்றி உட்கார வைத்தால் அது குழம்பிப்போய் விளக்கைப் போட்டுவிடும் என்றார். போன், லேப்டாப் வைத்தால்கூடச் சில வண்டிகளில் இப்படி ஆகுமாம். வண்டியோடு கொடுத்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்றார். அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், ஒரு மாதா படத்தோடு டேஷ்போர்டுக்குள் பத்திரமாக இருந்தது.

எங்கேயாவது இடித்திருந்தால் இது எரியுமா என்று கேட்டேன். சின்ன உரசலுக்கெல்லாம் எரியாது, பெரிதாக மோதியிருந்தால் உள்ளே பதிந்திருக்கும், இதில் ஒன்றுமே பதியவில்லை என்றார். எழுதிக் கொடுக்கட்டுமா என்றும் கேட்டார். வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நல்ல பெண்ணாக இருந்தால் அந்தக் காகிதத்தை நேரே வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருப்பாள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தஞ்சாவூர் எல்லையைத் தாண்டுவதற்குள் மனம் மாறிவிட்டது. காட்டினால் என்ன நடக்கும்? மூத்தார் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், சரி விடு, ஏதோ தப்பாப் புரிஞ்சிக்கிட்டோம் என்பார். வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். என்னைத் தெருவில் நிறுத்தியதற்கு அது எப்படிச் சமம்? எனக்கு விடுதலை வேண்டியிருக்கவில்லை. அவருக்குத் தண்டனைதான் வேண்டியிருந்தது, அதுவும் அதே ஜனங்களுக்கு முன்னால்.

ஒரு புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். மெஷினைத் துண்டின் மேல் நேராக உட்கார வைத்தேன். பெல்ட்டை மாட்டினேன். ஒயரைக் குத்தினேன். அரை மைல் போவதற்குள் விளக்கு எரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, பல நாள் கழித்து.

வீட்டில் வந்து, அவர்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லையாம் என்று சொன்னேன். மூத்தார் அதைத்தான் எதிர்பார்த்தவர் போல, அடிபட்டது அடிபட்டதுதான், எங்கே சரியாகும் என்றார். தவக்காலத்தில் பொய் சொன்ன பாவத்தை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. மனஸ்தாபம், அதாவது செய்ததற்கு வருத்தம், இல்லாமல் சொல்வது அதைவிடப் பாவம். அந்த வாரங்களில் எனக்கு நன்றாகப் பசித்தது. காலையில் அவர் குனிந்து சக்கரத்தைப் பார்க்கும்போது நான் கோபப்படவில்லை, பார்க்கட்டும் பார்க்கட்டும் என்று நின்றேன்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வேலை பார்க்கிறவர்கள்கூட அன்றைக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள். தாளடி நெல் இன்னும் சில பேருக்குக் காய்ந்துகொண்டிருந்ததால் மெஷினுக்கும் அன்றைக்கு வேலை இருந்தது. மூத்தார் ஸ்டீயரிங்கில், மெஷின் முன் சீட்டில், நானும் கணவரும் பின்னால். மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி, கோயிலில் பூ வைக்க முன்னமே போய்விட்டார். வாய்க்கால் பாலத்துக்கிட்டே அந்தக் குத்தகைக்காரர் வெள்ளை வேட்டியில் நடந்து போய்க்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தச் சொன்னேன், அவரையும் ஏற்றிக்கொள்ளலாம் என்றேன். மூத்தாருக்கு மறுக்க வழியில்லை. தப்பை ஒத்துக்கொண்ட கௌரவமான குடும்பம் அல்லவா நாங்கள்.

அவர் கூச்சத்தோடு என் கணவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. சிவப்பாய் இருக்கிறதே, அது என்ன என்று அவரே கேட்டார். உங்கள் கன்றை நான் இடித்ததாகக் காட்டிக்கொடுத்த விளக்கு அதுதான் என்றேன். கோயில் வருகிற வரைக்கும் அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பூசை முடிந்து எல்லோரும் கையில் குருத்தோலையோடு வெளியே வந்தார்கள். நெல் கொண்டுவந்தவர்கள் காரைச் சுற்றி நின்றார்கள். மூத்தார் மெஷினை எடுக்கக் கதவைத் திறந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த சாவியை வாங்கி நான் போய் வண்டியைப் போட்டேன். விளக்கு எரிவதை எட்டிப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். காலையில் வண்டி ஓட்டி வந்தவர் யார் என்று கேட்டேன். உங்க மூத்தார்தான் என்றார்கள் நான்கைந்து பேர்.

"அப்ப இன்னிக்கு யாரை அடிச்சுட்டு வந்தீங்க அத்தான்?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. பூசைக்குப் பிறகு பேசுகிற குரலில்தான் கேட்டேன். அவர், அது சும்மா எரியும் என்றார். சும்மா எரியுமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அன்றைக்குக் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றீர்களே என்று இன்னொருவர். நான் ஒயரைப் பிடுங்கினேன், மெஷினைத் தூக்கிப் பானெட்டில் வைத்தேன், வண்டியை அணைத்துப் போட்டேன். விளக்கு இல்லை. மறுபடி வைத்தேன், எரிந்தது. எடுத்தேன், போனது. கைப்பையில் இருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் வாங்கி உரக்கப் படித்தார். ஜனங்கள் சிரித்தார்கள். நெல்லோடு நின்றவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். எனக்கு அது பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அதோடு நின்றிருந்தால் போதும், நான் நிறைவாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

மூத்தார் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அணைந்த விளக்கு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கணக்குப் பிசகிப்போன முகம். தனக்குத் தானே பேசுகிறவர் போலச் சொன்னார்.

"அப்ப அன்னிக்கி எரிஞ்சது இடிச்சதால இல்லையா?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம. பாலத்துக்கிட்ட..."

அங்கே நிறுத்திக்கொண்டார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையின் கதைதான். நான் வண்டியை எடுத்தது திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதை ஓட்டியது அவர். பாலத்தைத் தாண்டும்போது எதன் மேலோ தட்டியிருக்கிறது. அதே நேரத்தில், புது ஒயரின் புண்ணியத்தில், விளக்கும் எரிந்திருக்கிறது. தான் இடித்ததை வண்டி எழுதி வைத்துக்கொண்டுவிட்டது என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பியிருக்கிறார். மறுநாள் நான் விளக்கைப் பற்றி வாயைத் திறந்ததும், வேறு யாருக்காவது தோன்றுவதற்கு முன்னால் அதை என் பெயரில் எழுதிவிட்டார்.

குத்தகைக்காரர் முன்னால் வந்தார். ஞாயிறு சாயங்காலமே இடித்தது நீங்கள்தானா, விடியும் வரைக்கும் என் கன்று சரிவில் கிடந்ததே என்று கேட்டார். மூத்தார், இருட்டிக்கொண்டு வந்தது, சரியாகத் தெரியவில்லை, நாய் என்று நினைத்தேன் என்றெல்லாம் அடுக்கினார். யாரும் நம்புவதாக இல்லை என்று தெரிந்ததும் திரும்பித் தன் தம்பியைப் பார்த்தார்.

"நீயுந்தானடா பின்னாடி உக்காந்திருந்த. நாயின்னுதானே நெனச்சோம். சொல்லேன்."

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு தஞ்சாவூருக்குப் போனது எனக்குத் தெரியாததா? அன்றைக்கு அவர் சட்டையில் ஒட்டியிருந்த ஈர நெல்லை நான்தானே தட்டிவிட்டேன். இத்தனை வாரமும் மூத்தார் முகத்தையே முறைத்துக்கொண்டிருந்தவளுக்கு, பின் சீட்டில் இருந்தவரைப் பற்றி ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவர் கையில் இருந்த குருத்தோலையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக்கொண்டிருந்தார். அண்ணன் சொன்னது தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு வந்தேன். அவர்கள் இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். மூத்தார் நேராகத் தன் வீட்டுக்குள் போனார். அதற்குப் பிறகு சாவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிறு, ஈஸ்டர் பூசை முடிந்தும், பானெட்டைச் சுற்றி நெல் கொண்டுவந்து நின்றவர்கள் இரண்டே பேர். அவர்களும் எண்ணைப் பார்த்துவிட்டு, இது நெல்லோட ஈரமா, இல்லை நீங்கள் எதையாவது இடித்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் கணக்கு அதோடு தீர்ந்தது. சொல்லப்போனால் அவர் மேல் இருந்த என் கோபம் குருத்தோலை ஞாயிறு மத்தியானமே ஆள் மாறிவிட்டது.

அன்று மத்தியானம் நான் சோறு போடவில்லை. கணவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். என்னை நம்பவில்லை என்றுதான் இத்தனை நாள் எரிந்துகொண்டிருந்தேன். நான் செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே எப்படிக் கும்பிட்டீர்கள் என்று கேட்டேன். படியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அண்ணன் பேரு கெட்டுப்போச்சுன்னா ஊருல தலை காட்ட முடியாது. உன் பேருன்னா நம்ம வீட்டுக்குள்ளதானே, நான் சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட்டால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அழ எனக்கு விருப்பமில்லை. ஆகவே செய்ய வேண்டியதை மட்டும் சொன்னேன். தினமும் காலையும் மாலையும் ஒரு கட்டுப் பச்சைப் புல்லும் ஒரு வாளி தவிட்டுத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அந்தக் கன்றுக்குப் போய் வைக்க வேண்டும். சைக்கிளில் இல்லை, நடந்து. வயல் வரப்பு வழியாக இல்லை, கோயில் தெரு வழியாக. யார் எதற்கென்று கேட்டாலும் நின்று பதில் சொல்ல வேண்டும். என்ன பதில் என்பதையும் நானே சொல்லிக் கொடுத்தேன்: "எங்க அண்ணன் இடிச்சாங்க, நான் பாத்தேன், எங்க வீட்டுக்காரம்மா மேல பழியைப் போட்டேன்."

மறுநாளே போனார். எங்கள் ஊர் ஜனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். எல்லோருக்கும் எல்லாம் தெரியும், தெரிந்தும் ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார்கள். முதல் வாரம் அவர் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆனது. டீக்கடையில் இருந்தவர்கள் காதில் சரியாக விழவில்லை என்று இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார்களாம். சொல்லியிருக்கிறார். பங்குச் சாமியார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ஈஸ்டரும் வந்துவிட்டது, போதாதா அம்மா என்று கேட்டார். கன்றுக்குக் கால் இன்னும் கூடவில்லை சாமி என்றேன்.

கால் கூடிவிட்டது. கட்டைப் பிரித்தார்கள். முதலில் லேசாக விந்தி நடந்தது, இப்போது குறுவை நடவுக்கு விட்ட தண்ணீரில் இறங்கி ஓடுகிறதாம். போன வாரம் குத்தகைக்காரரே வீட்டுக்கு வந்தார். எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது, ஐயாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்று காப்பி கொடுத்து அனுப்பினேன். இன்றைக்குக் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போதும் என் கணவர் புல்லுக்கட்டோடு கோயில் தெருவில் போய்க்கொண்டிருந்தார். நான் இன்னும் சொல்லவில்லை.